பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிய 45 வருஷம்

உதைபந்தாட்டம் என்றால் ஆம்பளைப் பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பின்னேரம் ஆனால் பையன்கள் பந்தோடு கிரவுண்டுக்கு ஓடுவார்கள். பொம்பளைப் பிள்ளைங்க தண்ணீர் எடுக்க, அடுப்பு மூட்ட, தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டிலேயே நின்று விடுவார்கள். அமெரிக்காவிலும் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நிலைமை இதற்குப் பெரிய வித்தியாசமாக இருக்கவில்லை. அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பொம்பளைப் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணியை ஆரம்பத்தில் இருந்து கட்டி எழுப்பி, 45 பருவ காலம் அதே அணியோடு இருந்த பயிற்றுவிப்பாளர் ஒருவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம். அவருடைய பெயர் அன்சன் டொரன்ஸ். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு, கவனமாக இருக்க வேண்டியதும் உண்டு. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

டொரன்ஸ் 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பம்பாயில் பிறந்தவர். அமெரிக்கக் குடும்பம்தான். ஆனால் தகப்பனாருக்கு எண்ணெய்க் கம்பனியில் வேலை என்பதால் குடும்பம் ஊர் ஊராக மாறிக் கொண்டே இருந்தது. கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று பல நாட்டில் வளர்ந்து, சுவிற்சர்லாந்தில் உயர்தரப் படிப்பை முடித்தார். அந்த நாடுகளில் எல்லாம் பையன்கள் விளையாடுவது உதைபந்தாட்டம். அமெரிக்காவிலோ புட்போல் என்றால் அது வேறு விளையாட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக் கொண்டு ஓடுவது. நாம் சொல்லும் உதைபந்தாட்டத்துக்கு அங்கே சொக்கர் என்று பெயர்.

பிறகு வட கரோலினா மாநிலத்தில் சப்பல் ஹில் என்ற ஊரில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஆண்கள் அணியில் விளையாடி, 1974 இல் பட்டம் பெற்றார். அடுத்ததாகச் சட்டம் படிக்கத் தொடங்கினார். படிக்கிற காலத்திலேயே ஊர்ப் பிள்ளைகளின் கழகம் ஒன்றில் பந்து பழக்கிக் கொண்டிருந்தார். அவருக்கே பயிற்சி கொடுத்த பழைய பயிற்றுவிப்பாளர் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு இந்த இளைஞரைச் சிபாரிசு செய்தார். அப்படித்தான் 1977 பருவத்தில் ஆண்கள் அணியின் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. வயது 26. சட்டப் படிப்பு அரைவாசியில் நின்று போயிற்று.

சட்டம் திறந்து விட்ட கதவு

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், அது விளங்காவிட்டால் மிச்சக் கதை விளங்காது. 1972 ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் கல்வி பற்றிய சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. அதில் ஒரு பகுதிக்கு 'டைட்டில் நைன்', அதாவது ஒன்பதாம் பிரிவு என்று பெயர். மத்திய அரசாங்கத்தின் காசு வாங்குகிற எந்தப் பாடசாலையும் எந்தப் பல்கலைக்கழகமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். அதிலே விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் விளையாட்டும் கல்வியின் ஒரு பகுதிதான் என்பதால், பையன்களுக்கு மைதானமும் சப்பாத்தும் பயிற்றுவிப்பாளரும் கொடுக்கிற கல்லூரி பொம்பளைப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டி வந்தது. புலமைப்பரிசிலும் அப்படித்தான்.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் அமெரிக்காவின் உயர்தரப் பாடசாலைகளில் விளையாட்டில் சேர்ந்திருந்த பொம்பளைப் பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இன்றைக்கு அந்தத் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஆசை திடீரென்று முளைக்கவில்லை. ஆசை முந்தியே இருந்தது, இடம்தான் இல்லாமல் இருந்தது.

சப்பல் ஹில்லிலும் சில மாணவிகள் தாங்களாகவே ஒரு கழகம் அமைத்துப் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். எங்களையும் பல்கலைக்கழகத்தின் முறையான அணியாக ஏற்றுக் கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். நிர்வாகம் டொரன்சைக் கூப்பிட்டு, போய்ப் பார்த்து அபிப்பிராயம் சொல்லச் சொன்னது. அவர் பார்த்து விட்டு, தாராளமாகச் செய்யலாம் என்று சொன்னார். அப்படியென்றால் நீங்களே பழக்குங்கள் என்று 1979 இல் அந்தப் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அந்த நேரத்தில் மற்றப் பல்கலைக்கழகங்களில் அநேகமானவற்றில் பெண்கள் அணியே கிடையாது. முதல் வருஷங்களில் எதிர்த்து விளையாட ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

1981 இல் பெண்களுக்கான முதலாவது தேசியச் சுற்றுப்போட்டி சப்பல் ஹில்லிலேயே நடந்தது, வட கரோலினா வென்றது. அடுத்த வருஷம் நாட்டின் பெரிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் போட்டியைப் பொறுப்பேற்றபோது சேர்ந்தது 12 அணிகள் மட்டுமே. அதிலும் வட கரோலினாதான் சம்பியன்.

1988 வரைக்கும் அவர் ஆண்கள் அணியையும் பெண்கள் அணியையும் ஒன்றாகவே பழக்கினார். 1987 இல் பெண்கள் சம்பியன் ஆனார்கள், ஆண்கள் தேசிய அரையிறுதி வரை போனார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் பார்த்துப் பார்த்து அவர் சில விஷயங்களைப் பிடித்துக் கொண்டார். பையன்களை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுத் திருத்தினால் அவர்கள் துடைத்துப் போட்டு விட்டு விளையாடுவார்கள். பொம்பளைப் பிள்ளைகளிடம் அது வேலை செய்யவில்லை. கோச் நம்மை ஆளாக மதிக்கிறாரா என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். விட்ட பிழைகளைப் படம் போட்டுக் காட்டுவதை விட, நன்றாகச் செய்ததைக் காட்டினால் அவர்கள் வேகமாக முன்னேறுவதையும் கண்டார். எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்துமா என்பது வேறு விஷயம். நமக்குத் தெரிந்தவரை, சத்தம் போட்டால் சுருங்கிப் போகிற பையன்களும் நிறைய இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எழுதி வைத்தல்

அவருக்கு இருந்த பெரிய தலையிடி வேறொன்று. பயிற்சியின்போது பொம்பளைப் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் கொடுத்தே விளையாடினார்கள். சிநேகிதியைத் தோற்கடித்தால் அவள் மனசு நோகும், நம்மைத் தலைக்கனம் பிடித்தவள் என்று பேசுவார்கள் என்ற பயம். 1983 இல் ஏப்ரல் ஹைன்றிக்ஸ் என்ற மாணவி புதிதாக வந்து சேர்ந்தார். அவருக்கு இந்த விட்டுக் கொடுப்பு எல்லாம் தெரியாது. பயிற்சியிலும் போட்டி போலவே மோதி, எல்லாரையும் தோற்கடித்தார். மற்றவர்கள் கோச்சிடம் போய் முறைப்பாடு செய்தார்கள், அவளைக் கொஞ்சம் அடக்குங்கள் என்று. டொரன்ஸ் அடக்கவில்லை. அவளைப் போல இன்னும் பத்துப் பேர் கிடைத்தால் நல்லது என்பதே அவர் எண்ணம். அந்த ஹைன்றிக்ஸ்தான் பின்னால் அமெரிக்க அணியின் தலைவியாக உலகக் கிண்ணத்தைத் தூக்கினார். பிறகு அதே அணியின் பயிற்றுவிப்பாளராகி, 2004 ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கிக் கொடுத்தார்.

இதற்கு டொரன்ஸ் கண்டுபிடித்த வழி மிகவும் சாதாரணமானது. அதே பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்தாட்ட அணிக்கு டீன் ஸ்மித் என்ற பேர் போன பயிற்றுவிப்பாளர் இருந்தார். அவருடைய பயிற்சியைப் போய்ப் பார்த்தபோது, யார் என்ன செய்தார்கள் என்று எல்லாவற்றையும் உதவியாளர்கள் எழுதிக் கொண்டிருந்தார்கள். டொரன்ஸ் அதைத் தன் அணிக்குக் கொண்டு வந்தார். ஒருவருக்கொருவர் பந்தைப் பறிக்கும் போட்டியில் யார் ஜெயித்தார், எத்தனை தடவை கோலுக்கு அடித்து எத்தனை உள்ளே போனது, தலையால் முட்டியதில் யார் முந்தினார், ஓட்டத்தில் யார் எத்தனை செக்கன் என்று ஒவ்வொன்றும் பதியப்பட்டது. முதலாம் ஆளில் இருந்து கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தி, எல்லாரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டினார்கள்.

நம்ம ஆட்களுக்கு இது புதினமாக இருக்காது. ஒவ்வொருத்தரும் எடுத்த கொழுந்தை நிறுத்து, செக்ரோலில் கிலோ கணக்குப் பதிகிற மாதிரித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தோட்டத்தில் அந்தக் கணக்கு சம்பளத்தோடு முடிகிறது. இங்கே அந்தக் கணக்கு பிள்ளையின் கையிலேயே திரும்பக் கொடுக்கப்பட்டது. போன மாதம் இருபதாவது இடத்தில் இருந்தவள் இந்த மாதம் பன்னிரண்டாவது இடத்துக்கு வந்தால் அவளுக்கே அது தெரியும். கோச்சுக்குப் பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்ற பேச்சுக்கும் இடம் குறைவு. அதோடு, ஜெயிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் பலகையே அவர்களுக்குச் சொன்னது. கடைசி இடத்தில் தன் பெயரைப் பார்க்கிற பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்கத்தான் வேண்டும்.

விளையாட்டு முறையும் அந்தக் குணத்துக்கு ஏற்றதாகவே இருந்தது. பின்னுக்கு மூன்று பேரை மட்டும் நிறுத்தி, முன்னுக்கு மூன்று பேரைத் தள்ளி, பந்து எதிரணியிடம் போன உடனேயே பாய்ந்து பறிக்க வேண்டும். இதற்கு மூச்சு நிறைய வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விதிப்படி வெளியே எடுத்த ஆளைத் திரும்பவும் இறக்கலாம் என்பதால், களைத்தவர்களைக் கூட்டமாக எடுத்து விட்டுப் புதியவர்களைக் கூட்டமாக இறக்குவார். மாற்று வரிசையில் இருந்தவர்களுக்கும் மைதானத்தில் வேலை கிடைத்தது.

இன்னொரு பழக்கம். பருவத்தின் கடைசிப் போட்டிக்கு முன்னால், அந்த வருஷத்தோடு படிப்பு முடிந்து போகிற ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் அவர் கடிதம் எழுதி, உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் வாசிப்பார். நல்லாய் விளையாடுகிறாய் என்று மட்டும் எழுத மாட்டார், அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட மனுஷி என்று எழுதுவார். இளையவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு, மூத்த அக்காமாருக்காக மைதானத்தில் இறங்குவார்கள்.

பலன் என்ன? 1986 முதல் 1994 வரை விடாமல் ஒன்பது வருஷம் தேசியச் சம்பியன். தொடர்ந்து நூறு போட்டிக்கு மேல் தோல்வியே இல்லாத காலமும் உண்டு. மொத்தத்தில் 1981 ஐயும் சேர்த்து 22 தேசியப் பட்டம். பெண்கள் அணியோடு மட்டும் 900 க்கும் மேற்பட்ட வெற்றி.

இந்த அணியில் இருந்து வந்தவர்களில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் மியா ஹாம். 14 வயதில் அவர் விளையாடுவதை டொரன்ஸ் பார்த்தார், 15 வயதிலேயே தேசிய அணியில் சேர்த்தார். கல்லூரிக் காலத்தில் ஹாம் விளையாடிய 95 போட்டிகளில் அணி தோற்றது ஒன்றே ஒன்றில்தான். ஒரு நாள் விடியக்காலையில் வேலைக்குப் போகும் வழியில், யாரும் இல்லாத பூங்காவில் ஹாம் தனியாக ஓடிப் பயிற்சி செய்வதை டொரன்ஸ் கண்டாராம். கிட்டப் போய்க் குழப்பவில்லை. பிறகு அதைப் பற்றி ஒரு சின்னத் துண்டு எழுதி அவரிடம் கொடுத்தார். அந்தத் துண்டு அமெரிக்க விளையாட்டு உலகத்தில் இன்றைக்கும் பேசப்படுகிறது.

முதலாவது உலகக் கிண்ணம்

1986 முதல் 1994 வரை டொரன்ஸ் அமெரிக்கத் தேசிய பெண்கள் அணிக்கும் பயிற்றுவிப்பாளர். அந்த அணிக்கு அப்போது காசும் இல்லை, மதிப்பும் இல்லை. ஒரு நாள் செலவுக்குப் பத்து டொலர். ஆண்கள் அணியின் உடைகளைத்தான் இவர்கள் போட்டுக் கொண்டார்கள். 1991 நவம்பரில் பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணம் சீனாவில் நடந்தது. பெண்களுக்கு மூச்சுப் போதாது என்று நினைத்தோ என்னவோ, போட்டி நேரம் 90 நிமிஷத்துக்குப் பதிலாக 80 நிமிஷம். குவாங்சோ நகரில் 60,000 க்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, இறுதிப் போட்டியில் அமெரிக்கா நோர்வேயை 2 க்கு 1 என்று வென்றது. இரண்டு கோலும் மிஷேல் ஏக்கர்ஸ் போட்டது. அணியில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் டொரன்சின் சப்பல் ஹில் பிள்ளைகள். உலகத்தை ஜெயித்து விட்டு ஊருக்குத் திரும்பிய அவர்களை விமான நிலையத்தில் வரவேற்க வந்தது ஒரு சிலர் மட்டுமே. எட்டு வருஷம் கழித்து, 1999 இல், வேறொரு பயிற்றுவிப்பாளரின் கீழ் அதே அணி கலிபோர்னியாவில் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்தபோது மைதானத்தில் 90,000 பேர் இருந்தார்கள்.

வழக்கு

இனிச் சொல்லப் போவதைச் சில கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டி விடும். பொம்பளைப் பிள்ளை பெற்றவர்கள் வாசிக்கிற பத்திரிகையில் அப்படித் தாண்ட முடியாது.

1998 ஆம் ஆண்டு அவருடைய அணியில் விளையாடிய இரண்டு பேர் டொரன்ஸ் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி, யாரோடு பழகுகிறாய் என்பது பற்றி, உடம்பைப் பற்றி அவர் பேசினார், கேட்டார், அது தங்களைத் தொந்தரவு செய்தது என்பது முறைப்பாடு. தான் யாரையும் துன்புறுத்தவில்லை என்று டொரன்ஸ் மறுத்தார். ஆனால் அப்படியான பகிடிப் பேச்சுகளில் தானும் கலந்து கொண்டதை ஒத்துக் கொண்டார். வேறு பல வீராங்கனைகள் அவருக்கு ஆதரவாகவும் நின்றார்கள்.

வழக்குப் போட்டவர்களில் ஒருவர் 1996 இலேயே பல்கலைக்கழகத்தின் சட்ட அதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அதை நீ கோச்சோடேயே பேசித் தீர்த்துக் கொள் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில் என்று முறைப்பாட்டில் உள்ளது. யாருக்கு எதிராக முறையிடுகிறாளோ அவரிடமே திருப்பி அனுப்பினால் ஒரு பிள்ளை என்ன செய்யும்? அணியில் இடம் கொடுப்பதும் எடுப்பதும் அவர் கையில். சரியாக இந்த இடத்தைத்தான் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பிடித்தது. கீழ் நீதிமன்றம் தள்ளி விட்ட வழக்கை 2007 இல் மேன்முறையீட்டு நீதிபதிகள் பெரும்பான்மையாக மீண்டும் உயிர்ப்பித்தார்கள், இதை ஜூரி விசாரிக்க இடமுண்டு என்றார்கள்.

தீர்ப்பு வரை அது போகவில்லை. ஒருவர் 2004 இல் 70,000 டொலருக்கும் மற்றவர் 2008 ஜனவரியில் 3,85,000 டொலருக்கும் சமரசம் ஆனார்கள். டொரன்ஸ் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். இப்படியான விஷயங்களில் எப்படி நடந்து கொள்ள வேண்டும் என்ற வகுப்புக்குப் போகவும் ஒத்துக் கொண்டார். பல்கலைக்கழகம் தன்னுடைய விதிமுறைகளை வெளி ஆட்களைக் கொண்டு பரிசீலிக்கச் சம்மதித்தது.

பிள்ளைகளை ஆளாக மதித்தவர், கடைசி நாள் கடிதம் எழுதியவர், இந்த வழக்கில் மன்னிப்புக் கேட்டவர் மூன்றும் ஒரே ஆள்தான். கிட்ட நெருங்கிப் பழகுவதுதான் அவருடைய பலம் என்றால், எங்கே நிற்பது என்று தெரியாமல் போன இடமும் அதே நெருக்கம்தான் என்று நமக்குப் படுகிறது. பிள்ளையை விளையாட்டுக்கோ டியூஷனுக்கோ அனுப்புகிற அம்மா அப்பா, பழக்குகிறவர் கெட்டிக்காரரா என்று மட்டும் விசாரித்தால் போதாது. ஒரு பிரச்சினை வந்தால் என் மகள் யாரிடம் போய்ச் சொல்லலாம், அந்த ஆள் அவருக்குக் கீழே வேலை செய்கிறவரா, மேலே இருக்கிறவரா என்று வாய் விட்டுக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மகளிடமும் பயிற்சி எப்படி, என்ன பேசிக் கொண்டார்கள் என்று சும்மா கதைக்கிற மாதிரி அடிக்கடி கேட்டு வையுங்கள். அதற்காக அவளை அனுப்பாமல் விட்டு விடாதீர்கள். வழக்குப் போட்டவர்களும் பந்து விளையாட ஆசைப்பட்டே அங்கே போனவர்கள்.

கடைசிக் காலம்

டொரன்ஸ் தொடர்ந்து பதவியில் இருந்தார், அணியும் 2008, 2009, 2012 இல் சம்பியன் ஆனது. இங்கிலாந்தின் லூசி புரோன்ஸ் 2009 இல் அங்கே விளையாடியவர். பிறகு இங்கிலாந்தில் இருந்தே அலெசியா ரூசோவும் வந்தார். ஆனால் 2012 க்குப் பிறகு டொரன்சுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. 2018, 2019, 2022 மூன்று வருஷமும் இறுதிப் போட்டியில் தோல்வி. 12 அணியோடு தொடங்கிய சுற்றுப்போட்டியில் இப்போது 64 அணி. முதல் வட்டத்திலேயே 300 க்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணி வைத்திருக்கின்றன. எல்லா இடத்திலும் நல்ல மைதானம், நல்ல பயிற்றுவிப்பாளர், புலமைப்பரிசில். அவர் தோற்கத் தொடங்கியதற்கு வயதும் காரணமாக இருக்கலாம். பெரிய காரணம், நாடு முழுக்கப் பொம்பளைப் பிள்ளைகள் விளையாட வந்து விட்டார்கள்.

பல்கலைக்கழக மைதானத்துக்கு 2019 இல் அவர் பெயரை வைத்தார்கள். 2024 ஓகஸ்டில், புதிய பருவம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, 73 வயதில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த டேமன் நஹாஸ் என்பவரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். பெரிய ஆள் போய் விட்டார், இனி இந்த அணி என்ன செய்யும் என்று பேசினார்கள். நாலு மாதம் கழித்து, டிசம்பரில், வட கரோலினா வேக் பொரஸ்ட் அணியை இறுதிப் போட்டியில் 1 க்கு 0 என்று தோற்கடித்து, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் சம்பியன் ஆனது. நஹாசுக்கு வேலை நிரந்தரமாயிற்று.